ஜெரால்டின் எட்டு

யாரும் என்னைத் தொடக் கூடாது. நானும் என்னைத் தொடக் கூடாது. காலையில் உடம்பு முழுக்கப் பழுப்புக் கலர் அடித்தார்கள், அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு, அதற்கு மேல் எண்ணெய். ஒரு விரல் பட்டாலும் அச்சு விழும், மேடை விளக்கில் அந்த அச்சு மட்டும்தான் நடுவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் கைகளை உடம்பில் ஒட்டாமல் அகட்டி வைத்துக்கொண்டு, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி நிற்கிறேன். மேடைக்குப் பின்னால் இருக்கும் இந்த நடையில் என்னைப் போலவே வரிசையாகச் சட்டைகள். எல்லோரும் ஒரே பழுப்பு. எவன் பஞ்சாபி, எவன் மணிப்பூரி, எவன் ராயபுரம் என்று இடுப்பில் குத்திய எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எவனுக்காவது முகம் வெளுத்தால்கூட வெளியே தெரியாது. இந்த நினைப்பு இப்போது எதற்கு வந்தது? வந்திருக்க வேண்டாம். இதோ பார், நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப் போனது. இன்னொரு படி இருக்கும் என்று கால் வைத்து, படி இல்லாமல் போன மாதிரி. பிறகு அடுத்த துடிப்பு ஓங்கி விழுந்தது. சரி, வந்துவிட்டது. ஒன்றுமில்லை டில்லிபாபு, ஒன்றுமில்லை. காலையில் இருந்து இப்படித்தான் விட்டு விட்டு வருகிறது. குளிராக இருக்கும். ஏசி போட்டே கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறது, உடம்பில் கொழுப்பு இருந்தால்தானே குளிர் தாங்கும், எங்களிடம் ஏது கொழுப்பு, வாயில் மட்டும்தான். குளிர்தான். குளிருக்கு இருதயம் தாளம் தப்புமா? யாரையாவது கேட்கலாம். யாரைக் கேட்பது? கேட்டால் அடுத்த நிமிஷம் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும், பதினேழாம் நம்பர் பயந்துவிட்டான் என்று.

நடையின் கோடியில் ஒரு தண்ணீர் கேன் இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விழாக்காரர்கள் அதில் பிடித்துக் குடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கேனுக்குள் ஒரு பெரிய குமிழி ஏறி, குளுக் என்கிறது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று இந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன், காது திரும்பவில்லை. குளுக். முந்தாநாளோடு தண்ணீரை நிறுத்தியாயிற்று. அது போதாதென்று, உள்ளே இருக்கும் நீரும் வெளியே போக மாத்திரை. தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கும் நீர் போனால்தான் நரம்பு நரம்பாக, நார் நாராகத் தெரியும், அதற்குப் பெயர் வெட்டு. எங்கள் ஜிம்மில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் அம்மா அப்பாவை எல்லாம் இழுக்க வேண்டாம், 'தண்ணியா கீறே' என்றால் போதும், அவன் ஒரு வாரம் தூங்க மாட்டான். போன வருஷம் என்னைச் சொன்னார்கள். அரைப் பிசிறு தண்ணீர். நான்காவது இடம். இன்று முதலிடம் வந்தால் தொழில்முறை அட்டை கையில், அந்த அட்டை இருந்தால்தான் வெளிநாட்டு மேடை, எங்கள் ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் மனிதர்கள் நின்ற மேடை. எனக்கு அடுத்த வருஷம் நாற்பது. ஆகவே இன்று. என் பெண்டாட்டி யமுனாவுக்கு இதெல்லாம் புரிந்ததே இல்லை, அல்லது நன்றாகப் புரிந்துவிட்டது, எதுவென்று தெரியவில்லை. நோட்டீஸில் ஆணழகன் போட்டி என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, "காஞ்ச கருவாட்டுக்குப் பேரு அழகனா?" என்று சிரித்தாள். காலையில் கிளம்பும்போது சிரிக்கவில்லை. சொம்பை நீட்டிக்கொண்டு வாசலை மறித்தாள். "யோவ், ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன். ஒரு வாயில உன் ஒலகம் இடிஞ்சிடுமா?" நான் தலையை ஆட்டினேன். "ஜெரால்டு பொண்டாட்டியும் இப்படித்தான் சொம்ப வெச்சிக்கினு நின்னுச்சாம்" என்றாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பெயரை இன்று முழுக்க நான் நினைக்கவே கூடாது என்று வைத்திருந்தேன். குளுக். இருதயமும் ஒரு தடவை குளுக் என்றது. இப்போது இரண்டும் சேர்ந்துகொண்டன.

வேறு ஏதாவது நினைக்க வேண்டும். சுவரை நினைப்போம். கல்மண்டபம் பக்கம் இலியாஸ் மாஸ்டரின் ஜிம்மில் உலகத்தின் மகா மகா உடம்புக்காரர்கள் எல்லாம் சுவரில் இருக்கிறார்கள். ஒருத்தர் பெயரும் எங்கள் வாயில் நுழையாது, அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஆஸ்திரியாவில் பிறந்து சினிமாவுக்குப் போய் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தையே ஆண்டவருக்கு 'முதலமைச்சர்'. தரைக்கு அடியில் இருக்கும் ஒரு பழைய ஜிம்மில், வெளியுலகம் பார்க்காமல் தனியாகத் தூக்கிய இங்கிலீஷ்காரருக்கு 'நெலவறை'. எட்டுத் தடவை உலகப் பட்டம் வாங்கியவருக்கு 'எட்டு'. எட்டுதான் எனக்குச் சாமி. லாரியைப் போல் முதுகு. அவர் சிரித்துக்கொண்டே தூக்குவார், கத்திக்கொண்டே தூக்குவார். இப்போது ஊன்றுகோலில் நடக்கிறார், முதுகில் எத்தனை அறுவை என்று கணக்கில்லை, போனில் பார்த்தோம், பாதியிலேயே போனை அணைத்துவிட்டோம். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டையான ஆள், 'சின்னவர்'. பெரிய பெரிய மலைகளை எல்லாம் தோற்கடித்தவர். ஒரு போட்டி முடிந்து, மேடையில் இருந்து இறங்கி, அன்றைக்கே செத்துப்போனார். காய்ந்த உடம்போடு. ஏன் அவரிடம் வந்து நின்றேன்? முதலமைச்சரோடு நின்றிருக்கலாமே? மனசு இருக்கிறதே, அது ஈ மாதிரி, விரட்ட விரட்ட அதே புண்ணில் வந்து உட்கார்கிறது. சின்னவருக்குக் கீழே சுவரில் சிவப்புப் பெயின்டில் மாஸ்டர் எழுதி வைத்திருக்கிறார்: எட்டு. அது எட்டுப் பட்டக்காரருக்காக எழுதியது இல்லை. ஜெரால்டுக்காக. சரி. வந்துவிட்டான். வராமல் எங்கே போவான்.

காசிமேட்டுக்காரன் ஜெரால்டு. எனக்கு ஜோடி. ஜோடி என்றால், அவன் தூக்கும்போது நான் தலைமாட்டில் நிற்பேன், நான் தூக்கும்போது அவன். எங்கள் ஜிம்மில் தலைமாட்டில் நிற்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெஞ்சில் படுத்திருப்பவனின் கை நடுங்கினாலும், கம்பி பாதியில் நின்றாலும், நரம்பு புடைத்து அவன் கண் பிதுங்கினாலும் கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் அது கணக்கில் சேராது, அவன் ஒரு மாதத்துக்கு நம்மோடு பேச மாட்டான். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு என்று கத்தலாம், கை தட்டலாம், அவ்வளவுதான். படுத்திருப்பவன் வாயைத் திறந்து 'எடு' என்று சொன்னால்தான் கை வைக்க வேண்டும். மாஸ்டரே நின்றாலும் எடுதான். வெளியே அவரை மாஸ்டர் உக்காருங்க, மாஸ்டர் டீ சாப்புடுங்க என்று தாங்குவோம், கம்பிக்கு அடியில் மரியாதை கிடையாது. நான் சேர்ந்த புதிதில் கழுத்துக்கு வந்துவிட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு "எடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன், ஜிம்மே சிரித்தது. ஜெரால்டு தரையில் உருண்டான். "நைனா, அந்த 'ங்க'வ வூட்ல வெச்சிட்டு வா. நீ 'ங்க' போடுறதுக்குள்ள கழுத்து போயிடும்" என்றார் மாஸ்டர். அப்புறம் யாரும் போடவில்லை. எடு. ஒரே மூச்சு, ஒரே சொல், கம்பி மேலே போய்விடும், காற்று வரும். அந்தச் சொல் அவ்வளவு நல்ல சொல். இப்போது யாரிடம் சொல்லலாம்? என் நெஞ்சின் மேல் கம்பி ஒன்றும் இல்லையே. எதை எடுக்கச் சொல்வது? ஆனால் ஏதோ இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஒரு கம்பி, இடது மார்புக்கு நேராக. சொல்லிப் பார்க்கிறேன், சும்மா, சத்தமில்லாமல். எடு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பசை போட்ட மாதிரி. பிய்த்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக.

"எட்டு."

எனக்கு முன்னால் நிற்கும் பதினாறாம் நம்பர் திரும்பிப் பார்க்கிறான். நான் எட்டு என்று சொல்லவில்லை. எடு என்றுதான் சொன்னேன். இன்னொரு தடவை. எட்டு. எச்சில் இல்லாத நாக்கு அண்ணத்தில் ஒட்டி, விடாமல் நின்று, ஒரு 'டு' இரண்டாகிவிடுகிறது. எட்டு. எட்டு. குளிர் இப்போதுதான் உண்மையாக ஏறுகிறது, முதுகெலும்பு வழியாக, மெதுவாக. வேண்டாம், அதற்குள் போகாதே. போகாதே என்றால் போகிற ஆளா நான். சேலத்தில் மாநிலப் போட்டி. நான் மேடையில் இருந்தேன், அடுத்த வரிசையில் ஜெரால்டு. உடம்பில் ரத்தம் ஏற்ற, திரைக்குப் பின்னால் தரையில் கையூன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். மேடையில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கேட்டது, நம் பயல்கள் எண்ணுகிறார்கள், ஆறு, ஏழு, கை தட்டுகிறார்கள், இன்னும் ஒண்ணு ஜெரால்டு, இன்னும் ஒண்ணு. பிறகு ஒரு ஆரவாரம். நான் இறங்கி வந்தபோது அவன் குப்புறக் கிடந்தான், சுற்றி எல்லோரும் நின்றார்கள். மாஸ்டர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்: ஏழு முடிச்சான், கீழ போனான், நடுங்கினான், நாங்க தட்டினோம், கீழ இருந்துக்கினே எட்டுன்னான் பாரு, அப்படியே படுத்துட்டான், கடைசி மூச்சுலயும் எண்ணிட்டுப் போனான்டா, அவன்தான்டா ஆம்பள. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். கண் கலங்கும். கேட்கிறவனுக்குப் புல்லரிக்கும். எனக்கும் புல்லரித்தது, இத்தனை வருஷமும். ஆனால் மாஸ்டர், தண்டால் எடுக்கிறவன் மேலே வந்த பிறகுதானே எண்ணுவான்? கீழே கிடக்கிறவன் ஏன் எட்டு என்று சொல்ல வேண்டும்? அவன் மேலே வரவே இல்லையே. அவன் அன்றைக்குத் தண்ணீர் குடித்து எத்தனை நேரம் ஆகியிருந்தது? அவன் நாக்கும் இப்படித்தானே ஒட்டியிருக்கும்?

அவன் எண்ணவில்லை. எடு என்று சொன்னான். நம் ஆள்கள் தலைமாட்டில் நின்றார்கள், எடு என்று சொன்னால் எடுக்க வேண்டியவர்கள், அவர்களுக்கு அது எட்டு என்று விழுந்தது, தட்டினார்கள். கலர் அடித்த உடம்பு, அதனால் யாரும் தொடவும் இல்லை. எவ்வளவு நேரம் தொடாமல் நின்றார்கள்? மாஸ்டர் அதை மட்டும் சொன்னதே இல்லை. யாரும் கேட்கவில்லை. அவன் காதில் கடைசியாகக் கேட்டது கை தட்டல். வாந்தி வந்தால் நல்லது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. இல்லை, நான் தப்பாக நினைக்கிறேன், பயம் இப்படியெல்லாம் கதை கட்டும், பயந்தவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் காதுக்குத்தான் எட்டு என்று விழுகிறது. எங்கே, இன்னொரு தடவை. எட்டு. பதினாறாம் நம்பர் இந்தத் தடவை சிரிக்கிறான், நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். ஒரு மிடறு குடித்துவிட்டால்? கேன் அங்கேதான் இருக்கிறது. நடந்தால் கொஞ்ச தூரம். குடித்தால் நாக்கு அவிழும். ஒரு மிடறில் தோலுக்கடியில் என்ன ஏறிவிடும்? ஏறும். போன வருஷம் ஏறியது. நான்காவது இடம் என்று மைக்கில் சொன்னபோது மாஸ்டர் என்னைப் பார்க்காமல் பையைக் கட்டினார், அந்தப் பை கட்டல் எனக்கு இன்னும் வலிக்கிறது. தொடையில் ஒரு நரம்பு தன்பாட்டுக்குத் துடிக்கிறது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. விட்டது, இதோ இன்னொரு துடிப்பு விட்டது. ஒன்று இல்லை, சேர்ந்தாற்போல் இரண்டு. இவ்வளவு பெரிய உடம்பைக் கட்டினேனே, இதில் கைப்பிடி அளவு ஒரு சதையை மட்டும் நான் பார்த்ததே இல்லை, கண்ணாடியில் அது தெரியாது.

மாஸ்டர் வருகிறார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பின்னால் நம் ஜிம் ஆள்கள் நாலைந்து பேர். என்னை மேலும் கீழும் பார்க்கிறார். அவர் முகம் மலர்கிறது, அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"காஞ்சிட்டடா டில்லி. பேப்பர் மாதிரி கீற. இன்னிக்கி உன்ன அடிக்க ஆளே இல்ல."

"மாஸ்டர், நெஞ்சு ஒரு மாதிரியா..."

"எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கும். மேட ஏறினா சரியாப் பூடும். அடுத்த வரிச நம்மதுதான். வா, எறங்கு, ஜெரால்டுக்கு எட்டு போடு."

எங்கள் ஜிம் வழக்கம் அது. மேடை ஏறும் முன் அவனுக்காக எட்டுத் தண்டால். போடாமல் எவனும் ஏறியதில்லை. பயல்கள் பிளாஸ்டிக் விரிப்பை விரிக்கிறார்கள். முடியாது என்று சொல்லலாம். மாஸ்டரின் முகம் மலர்ந்திருக்கிறது. முடியாது என்ற சொல் எங்கள் வாய்க்குப் பழக்கமும் இல்லை. இறங்கிவிட்டேன். உள்ளங்கையில் விரிப்பு ஜில்லென்று இருக்கிறது. கீழே, மேலே. ஒண்ணு, என்கிறார்கள். கீழே, மேலே. ரெண்டு. ரத்தம் ஏறுகிறது, மார்பு பொங்குகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, பார்த்தாயா, சும்மா பயந்தாய். மூணு. குளுக் என்று கேன் எங்கேயோ சொல்கிறது. நாலு. யமுனா சொம்போடு நிற்கிறாள், சொம்பின் வாயில் தண்ணீர் தளும்புகிறது, அவள் கட்டை விரல் நனைந்திருந்தது, காலையில் அதைப் பார்த்தேனா, இப்போது பார்க்கிறேனா. அஞ்சு. துடிப்பு விட்டது. ஆறு. விட்டது, வரவில்லை, வந்தது. கண்ணின் ஓரங்கள் கருக்கின்றன. நிறுத்து. ஏழு. கை தன்பாட்டுக்குக் கீழே போகிறது, கீழே போய்விட்டேன், விரிப்பின் வாசனை மூக்கில், மேலே வர வேண்டும், கை கேட்கவில்லை. நெஞ்சுக்குள் படி இல்லை. இன்னொரு படியும் இல்லை. கை தட்டுகிறார்கள். இன்னும் ஒண்ணு, டில்லிண்ணா, இன்னும் ஒண்ணு! எத்தனை கைகள், எல்லாம் எனக்குப் பிரியமான கைகள், ஒன்றும் என்மேல் படாது. இங்கேதான் இருந்தாயா ஜெரால்டு? இதே இடத்திலா? சொல்ல வேண்டும். சொன்னால் எட்டு என்று விழும். ஆரவாரம் செய்வார்கள். சுவரில் எனக்கும் ஒரு சிவப்பு எழுத்து. எனக்கு அது வேண்டாம். எனக்கு அட்டை வேண்டாம். எனக்குச் சொம்பு வேண்டும். வேறு சொல், வேறு ஏதாவது சொல், எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை, வாயில் அந்த ஒரே சொல்தான் இருக்கிறது, அதோடு எதையாவது சேர்க்க வேண்டும், ஜிம்மே சிரித்தது, ஜெரால்டு தரையில் உருண்டான்,

"எட்டுங்க."

எட்டு என்று ஒருவன் கத்துகிறான், விசிலடிக்கிறான். ஆனால் ஒரு கை தட்டலை நிறுத்திவிட்டது. அந்தக் கையின் சத்தம் எனக்குத் தெரியும்.

"இருடா. இன்னாடா சொன்ன? 'ங்க'வா?"

"எட்டுங்க மாஸ்டர். எட்டுங்க."

கை விழுந்தது. முதுகில், விரல் அகலப் பதிந்து, கலரைப் பற்றிக் கவலைப்படாமல். இன்னொரு கை வயிற்றுக்கு அடியில். என்னைப் புரட்டினார்கள். "ஆம்புலன்சக் கூப்புடுங்கடா! தள்ளுங்கடா, காத்து வுடுங்கடா!" மாஸ்டரின் குரல் உடைந்திருக்கிறது. மைக்கில் யாரோ பதினேழு என்கிறார்கள், மறுபடியும் பதினேழு, பிறகு பதினெட்டு என்று போய்விட்டார்கள். என் தலை மாஸ்டரின் மடியில் இருக்கிறது, அவருடைய வெள்ளைச் சட்டை பூராவும் நான். நெஞ்சில் ஒன்று வருகிறது, ஒன்று விடுகிறது. பயம் போகவில்லை. ஆனால் இப்போது தனியாக இல்லை. ஒருவன் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து உதட்டில் வைத்தான். மாஸ்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதில் ஒட்டியிருக்கும் பழுப்பை. பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்கிறார்.

"டேய். அப்போ ஜெரால்டு... அன்னிக்கு அவன் எண்ணலையாடா?"

வாயில் தண்ணீர் இருந்தது. முதலில் அதை விழுங்கினேன்.